லாபத்தில் இரண்டு விழுக்காடும் மீதித் தொண்ணூற்றெட்டும்

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு, அதாவது பேச்சுவழக்கில் சி.எஸ்.ஆர். என்று சொல்லப்படுவது குறித்து, சேலம் மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களையும், அவர்கள் குறிப்பிட்ட ஆலைகளின் பெயர்களையும் வெளியிடவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கருத்தை மாற்றவில்லை.

*

கேள்வி: எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளிக்குக் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் தேவை. அருகிலுள்ள பெரிய தொழிற்சாலையில் கேட்டால், “இந்த ஆண்டு ஒதுக்கீடு முடிந்துவிட்டது” என்கிறார்கள். நாங்கள் கேட்பது உரிமையா, உதவியா? யாரிடம், எப்படிக் கேட்பது?
— பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், ஓமலூர் வட்டம்

பதில்: குறிப்பிட்ட ஒரு பள்ளி உரிமை கோரிப் பெறக்கூடிய பணம் அல்ல அது, அதே வேளையில், நிறுவனம் மனம் வைத்தால் மட்டும் தரும் தானமும் அல்ல. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முந்தைய நிதியாண்டில் 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ இருந்த நிறுவனம், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் சுகாதாரமும் துப்புரவும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. ஆகவே, நீங்கள் கேட்கும் கழிப்பறைக்கு அந்தப் பணத்தைச் செலவிடத் தடை ஏதும் இல்லை.

ஆனால் கணக்கு தொழிற்சாலைக்கு அல்ல, நிறுவனத்துக்கு. உங்கள் ஊரில் புகைபோக்கி தெரிகிறது என்பதற்காக அந்த ஆலையின் லாபத்தில் 2 விழுக்காடு உங்கள் வட்டத்துக்கு வந்துவிடாது. நாடு முழுவதும் உள்ள கிளைகளின் லாபம் ஒன்றாகச் சேர்ந்து, மும்பையிலோ டெல்லியிலோ உள்ள தலைமையகத்தில் முடிவாகிறது. தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மைதான். இருப்பினும், அது வழிகாட்டுதலே தவிர கட்டாயம் அல்ல என்று நிறுவன விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்டில் விளக்கம் அளித்துவிட்டது. எனக்கு இந்த விளக்கத்தில் உடன்பாடு இல்லை. தூசியும் லாரிப் போக்குவரத்தும் நிலத்தடி நீர்ச் செலவும் ஓர் ஊரில் விழ, அவற்றால் வந்த லாபத்தின் சிறு பங்கு வேறொரு மாநிலத்தில் போய்ச் சேர்வதை அந்த ஊர் மக்களிடம் நியாயப்படுத்த முடியாது. சட்டம் இன்று இருக்கும் நிலை அதுதான் என்பதால், கேட்கும் முறையில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

சி.எஸ்.ஆர். குழு ஆண்டுச் செயல்திட்டம் ஒன்றை வகுத்து, இயக்குநர் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது விதி. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. தீபாவளி முடிந்து மனு கொடுக்கப் போனால், ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்ற பதில் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். ஜனவரியிலேயே கொடுங்கள். போகுமுன் அந்த நிறுவனத்தின் இணையதளத்தைப் பாருங்கள், சி.எஸ்.ஆர். குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கொள்கை என்ன, எந்தத் திட்டங்களுக்கு ஒப்புதல் கிடைத்திருக்கிறது என்பவற்றை அதில் வெளியிட வேண்டும் என்பதும் விதிதான். மேலாண்மைக் குழுத் தீர்மானம், மாணவ மாணவியர் எண்ணிக்கை, ஊராட்சி ஒன்றியப் பொறியாளரின் மதிப்பீடு ஆகிய மூன்றும் இணைந்த மனுவை, வெறும் வேண்டுகோள் கடிதத்தைப் போல எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டத்தின் வழியாகவும் உங்கள் பள்ளியின் தேவையைப் பதிவுசெய்யலாம்.

இன்னொன்றையும் மனுவில் கட்டாயம் எழுதுங்கள்: பராமரிப்பு. மாவட்டத்தில் நான் பார்த்த ஒரு பள்ளியில், நிறுவனம் ஒன்று அளித்த குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் பூட்டிய கம்பிக் கதவுக்குள் நின்றது. வடிகட்டி மாற்ற ஆளில்லை. மாற்றுவதற்கான பணம் எந்தக் கணக்கிலும் இல்லை. திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் துடைத்துப் பளபளப்பாக இருந்தது; பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நிறுவனம் தன் ஆண்டறிக்கையில் அந்தச் செலவைக் காட்டியிருக்கும், சட்டமும் அதை ஏற்றிருக்கும். கழிப்பறைக்கும் இதே கதி நேரலாம். தண்ணீர் இணைப்பு, துப்புரவுப் பணியாளருக்கான ஊதியம், மூன்றாண்டுப் பராமரிப்பு ஆகியவை திட்ட மதிப்பீட்டிலேயே சேராவிட்டால், கட்டடத்தை வாங்கிக்கொள்ள அவசரப்பட வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

செலவிடாமல் மீந்த பணம் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தொடரும் திட்டம் என்றால், நிதியாண்டு முடிந்து 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும். அப்படி ஒரு திட்டம் இல்லையென்றால், ஆறு மாதத்துக்குள் ஏழாம் அட்டவணையில் உள்ள பிரதமர் நிவாரண நிதி போன்ற ஒன்றுக்குப் போய்விடும். 2021 ஜனவரி முதல் இதை மீறினால் அபராதம் உண்டு. ஆகவே, தகுந்த திட்டத்தை உரிய காலத்தில் கொண்டுபோய் வைக்கும் ஊருக்கு, நிறுவனத்தின் உள்ளே இருப்பவர்களே நன்றி சொல்வார்கள்.

*

கேள்வி: லாபம் ஈட்டுவது மட்டுமே வணிகத்தின் சமூகப் பொறுப்பு என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் சொன்னதாக வகுப்பில் படித்தோம். பங்குதாரரின் பணத்தை எடுத்து ஊருக்குச் செலவிட மேலாளருக்கு என்ன உரிமை இருக்கிறது?
— முதுநிலை வணிகவியல் மாணவி, சேலம்

பதில்: 1970-இல் ஃபிரீட்மன் முன்வைத்த வாதத்தில் வலிமை இருக்கிறது. பிறர் பணத்தில் தாராளம் காட்டுவது எளிது. அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க மக்கள் யாரும் மேலாளரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் அந்த வாதத்தின் இரண்டாம் பாதியை நம் வகுப்பறைகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. ஏமாற்றும் மோசடியும் இல்லாத திறந்த போட்டியில், சட்டத்துக்கும் சமூகத்தின் நெறிகளுக்கும் உட்பட்டே லாபம் தேட வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ஆற்றில் கழிவைக் கலந்து சேமித்த தொகை அவருடைய கணக்கின்படியும் நேர்மையான லாபம் ஆகாது, ஏனெனில் அந்தச் செலவைக் கரையோர உழவர் சுமக்கிறார். சேர்வராயன் மலையில் பிறந்து உங்கள் நகரின் நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றின் பாலத்தில் ஒரு முறை நின்று பாருங்கள். அந்த நீரின் நிறத்துக்கும் நாற்றத்துக்கும் ஆன செலவு எவருடைய ஐந்தொகையில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

காந்தியடிகளின் தர்மகர்த்தா கொள்கை வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது: செல்வம் வைத்திருப்பவர் அதன் உரிமையாளர் அல்லர், சமூகத்தின் சார்பில் அதைப் பேணுபவர். இரண்டு நோக்குகளும் பெரிதும் மாறுபட்டவை. ஆயினும், லாபம் வந்த வழியைக் கேட்காமல் அது செலவான வழியை மட்டும் பாராட்ட இரண்டுமே இடம் தரவில்லை. உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுவதாக எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்வது இதுதான்: இரண்டு விழுக்காட்டை விட்டுவிட்டு, மீதித் தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்று ஆராயுங்கள். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022–23 நிதியாண்டு முதல், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ‘செபி’ அமைப்பின் விதிப்படி வெளியிட வேண்டிய பொறுப்புணர்வு அறிக்கையில் தண்ணீர், கழிவு, ஊதியம், விபத்து பற்றிய விவரங்கள் கிடைக்கும்.

*

கேள்வி: எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ஜவ்வரிசி ஆலை நடத்துகிறது. மாரியம்மன் பண்டிகைக்கு அன்னதானம், பள்ளிக்கு மேசை நாற்காலி, ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் என்று ஆண்டுதோறும் செய்கிறோம். இருந்தும் ஊரார் கழிவுநீரைக் காட்டிக் குறை சொல்கிறார்கள். இன்னும் என்ன செய்ய வேண்டும்?
— சேகோ ஆலை உரிமையாளர், ஆத்தூர் பகுதி

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் உள்ள வருத்தம் எனக்குப் புரிகிறது. நீங்கள் செய்யும் கல்வி உதவி உண்மையான உதவி, அதை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஊரார் குறை சொல்வது அந்த உதவியை அல்ல. நீங்கள் கொடுப்பதை ஒரு தட்டிலும் அவர்கள் கிணற்றுக்கு நேர்ந்ததை மறு தட்டிலும் வைத்து நிறுக்க முடியாது என்பதைத்தான் அவர்கள் தமக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறார்கள்.

மரவள்ளியைக் கழுவி, தோலுரித்து, அரைத்து, திப்பியைப் பிரித்து, மாவுப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு வடிக்கும்போது வெளியேறும் நீரில் மாவுச்சத்து நிறைய இருக்கிறது. அது தேங்கினால் புளித்து, நீரிலுள்ள உயிர்வளியைத் தின்றுவிடும். கிழங்கிலேயே சயனைடு தரும் சேர்மங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அரைவைக் காலத்தில் காற்று திரும்பும் மாலைகளில் ஊருக்குள் வரும் நெடியை, அங்கேயே உட்கார்ந்து சோறு உண்பவர்களிடம் கேட்டால்தான் தெரியும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவைப் பெற்று, கழிவைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும். இது கடமை. வேறொரு சட்டம் விதித்த கடமையை நிறைவேற்றும் செலவைப் பெரிய நிறுவனங்கள்கூடச் சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது என்று விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. உங்கள் ஆலை 135-ஆம் பிரிவின் வரம்புக்குள் வராது என்றாலும், அந்த விதியின் பின்னுள்ள நியாயம் எல்லோருக்கும் பொருந்தும்.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தத் தொழிலில் சுத்திகரிப்பு வெறும் செலவாக முடிய வேண்டியதில்லை. கழிவுநீரைக் காற்றுப் புகாமல் மூடிய குளத்தில் நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கும் முறையைப் பல ஆலைகள் கையாள்கின்றன. அந்த வாயு வறுப்பதற்கு எரிபொருளாகிறது, மின்னாக்கியையும் ஓட்டுகிறது. நெடியும் பெருமளவு குறைகிறது. தனி ஒருவரால் முதலீடு செய்ய இயலாதென்றால், சேர்ந்து செய்யும் வழி உங்கள் தொழிலுக்குப் புதிதல்ல. இடைத்தரகர்களின் பிடியிலிருந்து விற்பனையை மீட்க 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டியெழுப்பியவர்கள் இந்த மாவட்டத்து ஆலை உரிமையாளர்கள்தானே? விலைக்காக ஒன்றுகூட முடிந்தவர்களால் தண்ணீருக்காகவும் ஒன்றுகூட முடியும்.

நீங்கள் கேட்காத இரண்டையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக்கு மாவுச்சத்தின் ‘பாயிண்ட்’ கணக்கில் விலை போடுகிறீர்கள். வண்டியோடு ஆலை வாசலில் நிற்கும் விவசாயி, பாயிண்ட் பார்க்கும் கருவியின் முள்ளைத் தாமே பார்த்துத் தெளிய முடிகிறதா? அந்தக் கருவியை விவசாயியின் கண் முன்னே, நல்ல வெளிச்சத்தில் வைத்து, எடுத்த அளவை எழுதிச் சீட்டாகக் கொடுங்கள். அடுத்தது கலப்படம். வெண்மைக்காக வேதிப்பொருள் சேர்ப்பது, மக்காச்சோள மாவு கலப்பது பற்றிய புகார்கள் இத்தொழிலில் நெடுநாளாக உண்டு. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, ஓர் ஆலை செய்யும் தவறு மாவட்டத்தின் பெயரையே பாதிக்கும். சற்று மங்கலான நிறத்தில் இருந்தாலும் கலப்பில்லாத ஜவ்வரிசியை விற்பதும், நேர்மையாக பாயிண்ட் பார்ப்பதும், கழிவுநீரைத் தெளியவைத்து விடுவதும் அன்னதானத்தைவிடப் பெரிய சமூகப் பணி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

*

கேள்வி: வெள்ளைக்கல் சுரங்கங்களை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஏரியைத் தூர்வாரிய நிறுவனம் அதைத் தன் சமூக சேவை என்கிறது. சுரங்கம் உள்ள ஊர்களுக்கு வேறொரு நிதியும் வருவதாகச் சொல்கிறார்களே?
— ஊராட்சி முன்னாள் வார்டு உறுப்பினர், சேலம் மேற்கு

பதில்: இரண்டும் வேறு வேறு பணம். மாவட்டக் கனிம அறக்கட்டளை என்பது 2015-இல் திருத்தப்பட்ட சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் 9-பி பிரிவால் உருவானது. 2015 ஜனவரி 12-க்கு முன் வழங்கிய குத்தகை என்றால், அரசுக்குச் செலுத்தும் ராயல்டிக்கு மேல் அதில் 30 விழுக்காட்டையும், அதன்பின் ஏலத்தில் எடுத்தது என்றால் 10 விழுக்காட்டையும் குத்தகைதாரர் இந்த அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். நிறுவனம் லாபத்தில் இருந்தாலும் நட்டத்தில் இருந்தாலும், தோண்டினால் இது உண்டு. அறக்கட்டளையை மாவட்ட ஆட்சியர் நடத்துகிறார். பணம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளின் குடிநீர், மருத்துவம், கல்வி, சுற்றுச்சூழல் போன்றவற்றுக்கே முதன்மையாகச் செல்ல வேண்டும். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன 2 விழுக்காடு நிறுவனம் முடிவு செய்வது. இதுவோ பாதிப்புக்கு ஈடாக ஊருக்குச் சேர வேண்டியது.

எனவே, ஏரி எந்தப் பணத்தில் தூர்வாரப்பட்டது என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் ஊருக்குக் கனிம நிதியில் என்ன வேண்டும் என்பதைத் தீர்மானமாக எழுதி, நகலை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லலாம். சேர வேண்டிய பணத்துக்கு ஊரார் மாலையோடு காத்திருக்க வேண்டியதில்லை.

*

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்தில் லைன் வீடுகளின் கூரையை மாற்றி, “சமூகப் பொறுப்புத் திட்டம்” என்று பலகை வைத்திருக்கிறார்கள். இது சரியா?
— தோட்டத் தொழிலாளியின் மகள், ஏற்காடு

பதில்: சரியல்ல, தங்கையே. தோட்டத் தொழிலாளருக்கு வீடு, மருத்துவ வசதி, குடிநீர், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றைத் தருவது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாகவே உரிமையாளரின் கடமை. 2020-இல் நிறைவேறிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தோட்டங்களுக்கென்று பிரிவுகள் இருக்கின்றன. தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவைச் சி.எஸ்.ஆர். கணக்கில் காட்டுவதையும் விதிகள் தடுக்கின்றன. கூரையை மாற்றியது நல்லது, அது வரவேற்கத் தக்கது. பலகைதான் தவறு. அது அந்த வீடுகளில் வாழ்பவர்களை உழைப்பவர்களாகக் காட்டாமல் உதவி பெறுபவர்களாகக் காட்டுகிறது. உங்கள் அம்மா பறித்துக் கூடை கூடையாக நிறைத்த பழத்திலிருந்துதான் அந்தக் கூரைக்கான பணம் வந்தது.

*

கேள்வி: எட்டுப் பேர் வேலை செய்யும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை என்னுடையது. இந்தச் சட்டமெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தானே? எங்களுக்குக் கொலுசு ஆர்டர் தரும் வியாபாரிகள் மாதக்கணக்கில் பணத்தை நிறுத்திவைக்கிறார்கள். அவர்களே நகரில் விழா எடுத்து நன்கொடை வழங்குகிறார்கள்.
— பட்டறை உரிமையாளர், சிவதாபுரம்

பதில்: உங்கள் குறை முழுக்க நியாயமானது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். இதைக் கோருவதற்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு வேண்டும். இன்னும் செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள். சிறு பட்டறைக்குச் சேர வேண்டிய பணத்தை உரிய நாளில் தருவதை வியாபாரத்தின் முதல் சமூகப் பொறுப்பாக நான் கருதுகிறேன். அந்தப் பணம் தாமதமானால் உங்கள் எட்டுப் பேரின் கூலியும் தாமதமாகிறது. அவர்கள் கந்துவட்டிக்குப் போகிறார்கள்.

உங்கள் பங்குக்கும் சில உண்டு. பற்றவைக்கும் பற்றாசில் காட்மியம் இருக்கிறதா என்று பாருங்கள். ஊதுகுழல் சூட்டில் எழும் அதன் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஜன்னல் சாத்திய அறையில், தலை குனிந்து, முகத்துக்கு நேரே அதை மூச்சில் இழுப்பவர் உங்கள் தொழிலாளி. காட்மியம் கலக்காத பற்றாசுக்கு மாறுவதும், புகையை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றை மேசைக்கு அருகிலேயே வைப்பதும் உங்களால் முடியாதவை அல்ல. வீட்டுக்குக் கொடுத்து வாங்கும் வேலையில் பிள்ளைகள் பற்றவைக்க உட்காரக் கூடாது: 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குக் குறைந்தவர்களை எவ்வேலையிலும் அமர்த்துவதைத் தடுக்கிறது, 18 வயது வரை அபாயகரமான தொழில்களில் அமர்த்துவதையும் தடுக்கிறது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவலாம் என்ற விலக்கு உண்டெனினும், அது ஆபத்தான வேலைக்குப் பொருந்தாது. ஆட்கள் பத்துப் பேரானால் இ.எஸ்.ஐ. பதிவு கட்டாயமாகும், அதற்கு அஞ்சி எண்ணிக்கையை ஒன்பதோடு நிறுத்தி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்ய வேண்டாம்.

*

கேள்வி: வெள்ள நிவாரணத்துக்கு எங்கள் ஒரு நாள் சம்பளத்தைப் பிடித்து, அதையும் கம்பெனியின் சி.எஸ்.ஆர். செலவாகக் காட்டப்போவதாகப் பேச்சு. முடியுமா?
— தனியார் நிறுவன ஊழியர், சூரமங்கலம்

பதில்: முடியாது. சி.எஸ்.ஆர். என்பது நிறுவனம் தன் பணத்திலிருந்து செய்யும் செலவு. ஊழியர் தந்தது ஊழியரின் நன்கொடை. ஊழியர்கள் ஊதியமின்றிச் செய்த தொண்டு நேரத்துக்கு விலை போட்டுச் சேர்ப்பதும் கூடாது என்று அமைச்சகம் தெளிவுபடுத்தியிருக்கிறது. சம்பளத்தில் பிடிப்பதற்கு உங்கள் ஒவ்வொருவரின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. கொடுக்க விரும்பினால், தொகையையும் அது சேரும் நிதியின் பெயரையும் சம்மதக் கடிதத்தில் குறிப்பிட்டு, உங்கள் பெயரிலேயே ரசீது கேளுங்கள்.